கறார் சாது இல்லை

“உங்க அப்பா எப்படிப்பட்டவரும்மா? ஒரே வரியில சொல்லு, போதும்.”

பேனர் அடிக்கும் கடைக்காரர் இப்படிக் கேட்டபோது மகளுக்குப் பதில் வரவில்லை. கடைக்காரர் தன்மையாகத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் திரையில் அப்பாவின் படம் இருந்தது. ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது. யாரோ காலை மிதித்துவிட்டது போன்ற முகம். படத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம். அங்கே போடத்தான் ஒரு வரி வேண்டும்.

பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவள். அவர் இருமினால் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் ஒரு வரி கிடைக்கவில்லை. பத்து வரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதில் பாதியைக் கேட்டுக் கடைக்காரரே வேண்டாம் என்றிருப்பார்.

பக்கத்தில் நின்ற பெரியப்பா முந்திக்கொண்டார். “சாதுவானவர்னு போடுங்க. யார் மனசும் நோகாம வாழ்ந்தவர்.”

கடைக்காரர் தட்டினார். இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. “அன்பின் திருவுருவம்” என்று தாமாகவே சேர்த்துக்கொண்டு, “இது நம்ம சார்பா இருக்கட்டும்” என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். பெரியப்பாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

இறந்தவரை ஊரில் எல்லோரும் ‘கறார்’ என்றுதான் அழைத்தார்கள். இரு சக்கர வண்டிகளும் வேன்களும் பழுது பார்ப்பது அவர் தொழில். தகரக் கூரை போட்ட ஷெட். குழாயடியில் ஏதோ ஒரு ஸ்கூட்டரிலிருந்து கழன்ற கண்ணாடியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். தலை சீவுவது, ஷேவ் செய்வது எல்லாம் அதில்தான். அந்தக் கண்ணாடியில் முகம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். “எனக்கு இது போதும், மூஞ்சியைப் பெரிசாப் பார்த்து என்ன பண்ணப்போறேன்” என்பார்.

ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மேட்டுச் சாலை ஏறும். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். கறாருக்கு அது ஆகாது. எந்த வேலைக்கு வந்த வண்டியானாலும் சரி, ஹாரன் மாற்ற வந்த வண்டியானாலும் சரி, மேட்டின் உச்சிக்கு ஓட்டிப் போய், அங்கிருந்து இறக்கத்தில் விட்டு, ஷெட்டுக்கு எதிரே நிறுத்துவார். நிறுத்த வேண்டிய இடத்தில் சாலைக்குக் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு. முன் சக்கரம் கோட்டைத் தாண்டினால் சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். பிரேக்கைச் சரிசெய்யாமல் அது வெளியே வராது.

“அண்ணே, நான் பல்பு மாத்தத்தானே வந்தேன்?”

“பல்பு எரியுது. வெளிச்சத்துல போய் இடிப்பீங்க. பரவாயில்லையா?”

கோட்டோடு ஊர் விளையாடாத விளையாட்டு இல்லை. அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் ஒருவர் கோட்டைச் செருப்பால் அழித்துவிட்டு ஒரு முழம் தள்ளிப் புதிதாகப் போட்டுவைத்தார். திரும்பி வந்த கறார் கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “கோடு உங்க கையெழுத்து மாதிரியே கோணலா இருக்கே” என்று சொல்லிவிட்டு, அழித்துப் பழைய இடத்தில் போட்டார். அன்றைக்கு அந்த மனிதர் பேருந்தில்தான் வீட்டுக்குப் போனார்.

சொந்தம் என்று பார்த்தாரா? அதுவும் இல்லை. அம்மாவின் தம்பி தன் கல்யாணத்தன்று காலை, வண்டியைத் துடைத்துத் தரச் சொல்லி ஷெட்டில் விட்டார். கறார் துடைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். மேட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். சக்கரம் கோட்டைத் தாண்டியது. புதுச் சட்டையும் மினுமினுக்கும் ஷூவுமாக வந்து நின்ற மாப்பிள்ளையிடம், “நடந்து போங்க மச்சான், பக்கம்தானே. கல்யாணத்துக்கு முழுசாப் போய்ச் சேரணும்ல” என்றார். மாப்பிள்ளை வியர்த்து வழிந்துகொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் நெற்றி பளபளக்கிறது. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் மட்டும் பேசுவார். மாமாவின் கேள்விக்குப் பதிலைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

மகளின் பள்ளி இறுதித் தேர்வில் ஒருநாள் காலை, சைக்கிளின் பிரேக் கட்டை தேய்ந்துபோயிருப்பதைக் கறார் பார்த்துவிட்டார். மாற்றுக் கட்டை ஷெட்டில் இருந்தது; ஷெட் இன்னும் திறக்கவில்லை. “ஓடிப் போயிடு, நேரம் இருக்கு” என்று சைக்கிளைப் பூட்டினார். அவள் புத்தகப்பையோடு ஓடினாள். கணக்குத் தேர்வில் முதல் பக்கம் முழுவதும் வியர்வையால் மை கலைந்தது. வீட்டுக்கு வந்து அவரோடு பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லவில்லை. தான் செய்தது தப்பு என்று தோன்றினால் அவர் அதை வாயால் சொல்ல மாட்டார். யாருக்குத் தப்பு செய்தாரோ அவருடைய வண்டியைக் கழுவி வைப்பார். அன்று மாலை சைக்கிள் கழுவப்படாமல் அப்படியே நின்றது. அதனால் அவர் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னும் கோபம் வந்தது.

வீட்டிலும் அவர் பூனையாகிவிடுகிற புலி இல்லை. காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளில் வாசகர் கடிதங்களைச் சத்தமாகப் படித்து, எழுதியவரோடு அங்கேயே சண்டை போடுவார். “இந்த ஆளு மூளையை எங்க வச்சான்?” அம்மா அடுப்படியிலிருந்து, “அவர் இங்க இல்ல. வெளியூர்ல நிம்மதியா இருக்கார்” என்பாள். அம்மாவும் சளைத்தவள் இல்லை. “உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டியிருந்தா, எதிர்த்தாவது பேசாது” என்று அவள் சொல்ல, “கம்பம் உனக்குத் தலை வலிச்சா தைலம் தேய்க்குமா?” என்று அவர் கேட்பார். தைலம் தேய்ப்பது உண்மை. பெட்ரோல் வாடை போகச் சலவைத் தூள் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மா தூங்கும்வரை தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவார்.

இதற்கெல்லாம் உச்சமாக வந்தது வேன் விவகாரம்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்கள் வைத்திருந்த ஒருவர் ஊரில் உண்டு. ‘வேன்காரர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் வேன்களெல்லாம் கறாரிடம்தான் வேலைக்கு வந்தன. ஒருநாள் காலை கிளட்ச் வேலை முடிந்த வேனைக் கறார் மேட்டிலிருந்து இறக்கினார். கோட்டைத் தாண்டி ஒரு சாண் போய் நின்றது. சாவி சட்டைப் பைக்குள் போனது. வேன்காரர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

“ஒரு சாண், வெறும் ஒரு சாண்! இதுக்குப் போயா?”

“பிள்ளைக்கும் டயருக்கும் நடுவுல ஒரு சாண் இருந்தா பெரிய இடம்தாங்க.”

“அங்க பிள்ளைங்க ரோட்டுல நிக்குதுங்கய்யா!”

“நிக்கட்டும். நின்னா கால் வலிக்கும். அவ்வளவுதான்.”

வேன்காரர் கத்தினார். கூட்டம் கூடியது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளைத் தவிக்கவிட்டான் என்று கூட்டமும் கறாரைத்தான் திட்டியது. கடைசியில் வேன்காரர் வீட்டிலிருந்து மாற்றுச் சாவி கொண்டுவந்து, எல்லோர் கண் முன்னாலும் வண்டியை எடுத்துப் போனார். கறார் மறிக்கப் பார்த்தார். நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு அவர் வேன்கள் வருவது நின்றது. அவரைப் பார்த்து வேறு சிலரும் வருவதை நிறுத்தினார்கள். வீட்டில் சில மாதங்கள் மிகவும் சிரமமாகப் போயின. அம்மா, “ஒரு சாண் பெரிசா, வயிறு பெரிசா?” என்று கேட்ட நாட்களும் உண்டு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வேனுக்கு எதுவும் ஆகவில்லை. எங்கும் மோதவில்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. “பார்த்தியா, என்ன ஆச்சு?” என்று ஊர் கறாரைக் கேட்டது. “ஒண்ணும் ஆகலன்னா சந்தோஷம்தானே? ஆகணும்னா நான் வேண்டிக்கிட்டேன்?” என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த வண்டியை மேட்டுக்கு ஏற்றினார். கோட்டை ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு பகல் பொழுதில், ஷெட்டில், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பெரியப்பா பயந்துபோனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பி இல்லாத வீட்டையும், பள்ளி முடித்துச் சும்மா நிற்கும் பெண்ணையும், பூட்டிய ஷெட்டையும் பார்த்துத் தூக்கம் வராமல் போனவர். அந்த நேரத்தில் வேன்காரர் வந்து, ஷெட்டிலேயே நினைவுக் கூட்டம் வைப்போம், ஏற்பாடெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் பிடித்துக்கொண்டார். பேனர் அடித்தது அதற்குத்தான்.

கூட்டத்தன்று ஷெட்டிலிருந்த டயர்களை ஓரமாக அடுக்கி, எண்ணெய்க் கறை படிந்த தரையில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பேனர் நடுச்சுவரில் தொங்கியது. ‘சாதுவானவர். அன்பின் திருவுருவம்.’ அதற்கு மேலே அந்த முறைக்கிற முகம். அம்மா முன் வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

பேசியவர்கள் எல்லோரும் தேன் ஒழுகப் பேசினார்கள். கறார் அதிர்ந்து பேசியதே இல்லையாம். கேட்ட உடனே வண்டியைக் கொடுத்துவிடுவாராம். அதிர்ந்து பேசாத கறாரை மகளுக்குத் தெரியாது. யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதருடைய கூட்டத்துக்குத் தவறி வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது. அப்பா இன்னொரு தடவை செத்துக்கொண்டிருக்கிறார், இந்தத் தடவை யாரும் அழவில்லை என்று நினைத்தாள்.

கடைசியாக வேன்காரர் எழுந்தார்.

“அவருக்கும் எனக்கும் ஒரு சின்ன மனவருத்தம்கூட வந்ததில்ல. அண்ணன் தம்பி மாதிரி. அவர் பேரு இந்த ஊர்ல நிலைக்கணும். அதனால இந்த ஷெட்டை நானே எடுத்து நடத்தப்போறேன். ‘கறார் ஒர்க்‌ஷாப்’னு போர்டு வைக்கிறேன், இதே படத்தோட. என் வேன் அத்தனையிலயும் ‘கறார் பார்த்த வண்டி’ன்னு எழுதிடுவேன். அதைப் பார்த்துட்டா அப்புறம் எந்தப் பெத்தவங்க பயப்படப்போறாங்க, சொல்லுங்க?”

கை தட்டினார்கள். பெரியப்பா எழுந்து கும்பிட்டார்.

மகள் பேனரைப் பார்த்தாள். பேனரில் பொய் எழுதினால் வெயிலுக்கு வெளுத்துப்போகும். வேனில் எழுதினால் அதை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை ஏற்றிவிடுவாள். கோட்டைத் தாண்டியதால் எந்த வண்டியைப் பிடித்து வைத்தாரோ, அதன் நெற்றியிலேயே அவர் பெயர். அதை இப்போது தடுக்காவிட்டால் பிறகு தடுக்க அவருக்கு வாயும் இல்லை.

எழுந்து நின்றாள். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

“எங்க அப்பா சாது இல்ல.”

பெரியப்பா, “பாப்பா, உக்காரு” என்றார்.

“இல்ல பெரியப்பா. அவர் சண்டைக்காரர். இவரோட வேனைத் தரமாட்டேன்னு இதே இடத்துல சண்டை போட்டார். இங்க இருக்கிற நீங்கதான் அவர் கையைப் பிடிச்சீங்க. மறந்துட்டீங்களா?”

“சின்னப் பொண்ணு, துக்கத்துல பேசுது” என்றார் வேன்காரர், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். ஷெட்டிலிருந்து பார்த்தால் தெருமுனை தெரியும். அங்கே இரு சக்கர வண்டிகள் வரிசையாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் வேன்காரர் வந்த வேன். ஷெட் வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. இவ்வளவு தூரம் வண்டியில் வந்து, கடைசியில் எல்லோரும் இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள்.

“இங்க வாசல்ல இவ்வளவு இடம் இருக்கே. ஏன் எல்லாரும் அங்கயே நிறுத்திட்டு வந்தீங்க?”

ஒருவர் மற்றவரைப் பார்த்தார். கறார் கண்ணில் வண்டி பட்டால் மேட்டுக்குப் போய்விடும் என்று பல வருடமாகத் தெருமுனையில் இறங்கி நடந்தே பழகியவர்கள். இன்றைக்கும் கால் அதுவாகவே இறங்கியிருக்கிறது. அவர் போய்விட்டார் என்பது அவர்கள் வண்டிகளுக்கு இன்னும் தெரியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் ‘பக்’கென்று சிரித்துவிட்டார். அப்புறம் மடை திறந்தது.

“என் வண்டியை வாரம் பூரா வச்சிருந்தார்யா அந்த மனுஷன்!”

“என் ஆபீசருக்கு முன்னாடி என்னை என்ன கேட்டார் தெரியுமா? ‘உங்களுக்கு ரெண்டு உயிரா’ன்னு கேட்டார்.”

சுவர் ஓரம் நின்றிருந்த அம்மாவின் தம்பி, இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கறாரின் படத்தை நேராகப் பார்த்து, “என் கல்யாணத்துக்கு என்னை நடக்கவிட்டீங்களே மாமா!” என்று கத்தினார். கத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்றைய கூட்டத்தில் ஒருவர் அழுதது அப்போதுதான்.

வேன்காரர் கையை உயர்த்தினார். “அதெல்லாம் சரிங்க. பழசைக் கிளறினா நானும் ஒண்ணு சொல்லலாமே? அவர் தரமாட்டேன்னு சொன்ன அந்த வேன் இன்னிக்கும் ஓடுது. ஒரு குறை இல்ல. அதுக்கு என்ன சொல்றீங்க?”

அது உண்மைதானே. மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா நிமிர்ந்தாள். உட்கார்ந்தபடியேதான் பேசினாள்.

“ஓடும். ஓடுறதுக்கு என்ன, எல்லா வண்டியும்தான் ஓடும். அவர் என்னிக்காவது உங்க வண்டி ஓடாதுன்னு சொன்னாரா? நிக்குமான்னுதானே கேட்டார்.”

“தங்கச்சி, நான் உங்க நல்லதுக்குத்தான்...”

“தெரியும். நல்லதாவே இருக்கட்டும். நீங்க வந்த வேன் அங்கதான் நிக்குது. மேல ஏத்தி, கொண்டுவந்து நிறுத்துங்க. ஊரே இருக்கு, பார்க்கட்டும். கோட்டுக்குள்ள நின்னுட்டா நானே ஷெட் சாவியை உங்க கையில கொடுக்கிறேன். பேரையும் எடுத்துக்குங்க, படத்தையும் எடுத்துக்குங்க.”

“செத்த வீட்டுல என்னம்மா இது, சின்னப்பிள்ளை விளையாட்டு?”

“ஆமா, அந்த விளையாட்டைத்தான் அவர் சாகிறவரைக்கும் விளையாடினார். கூட விளையாட வராதவங்களுக்கு அவர் பேரு மட்டும் எதுக்கு?”

வேன்காரர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. அம்மா பக்கமும் பேசவில்லை. வேடிக்கைதான் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். வேனில் ஏறினார். மேட்டுப் பக்கம் திருப்பவில்லை. வந்த வழியே போய்விட்டார். அந்த வேன் நின்றிருக்குமா, நின்றிருக்காதா, யாருக்கும் தெரியாது. நின்றிருக்கவும் கூடும்.

பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “வந்த லட்சுமியை வாசல்லயே விரட்டிட்டீங்க. அப்பன் வாய் அப்படியே இருக்கு இவளுக்கு. நாளைக்கு ஏதாவதுன்னா என்கிட்ட வராதீங்க.”

“வருவோம் அத்தான்” என்றாள் அம்மா. “நீங்க திட்டுவீங்க, திட்டிட்டுச் செய்வீங்க. உங்க தம்பிக்கு அண்ணன்தானே?”

பெரியப்பா நாற்காலி ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறி, பேனரின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பேனர் எழுதுவதாகிவிடும். ஷெட் பூட்டியே கிடக்கிறது. அம்மா ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள். முதலாளியோடு ஏற்கெனவே இரண்டு தடவை சண்டை. வேன்காரர் வேறொரு தெருவில் ஷெட் போட்டுவிட்டார். அவருக்குக் கூட்டம் குறைவில்லை. ஆனால் அவருடைய எந்த வேனிலும் கறாரின் பெயர் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க இருக்கிறது. இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை நல்லவராக்கிவிடாதீர்கள். மாப்பிள்ளையை நடக்கவிட்டதையும், மகளைத் தேர்வுக்கு ஓடவிட்டதையும், வேனுக்கு எதுவும் ஆகவில்லை என்பதையும் விடாமல் சொல்லுங்கள். கேட்கிறவர் “இவ்வளவு வீம்பு ஆகாதுப்பா” என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கறாரோடு சண்டை போட இன்னும் ஓர் ஆள் கிடைத்தார் என்று அர்த்தம்.